நைட்டி ஆகாமல் ஒரு ரீஜன்சி கவுன்: எந்தப் பேட்டர்னை எடுப்பது?

அக்கா மகள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் படிக்கிறாள். அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம் போனால் பாத் நகரம். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1801இலிருந்து 1806 வரை வாழ்ந்த ஊர். ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே அவர் பெயரில் விழா எடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேர் இருநூறு வருஷத்துக்கு முந்தைய உடை உடுத்தித் தெருவில் ஊர்வலம் போகிறார்கள். டிசம்பர் லீவுக்கு ஈரோடு வந்தவள் பெட்டியைக்கூடத் திறக்காமல் கேட்டாள்: "சித்தி, எனக்கு ஒரு கவுன் தெச்சுக் குடுங்க. ஆன்லைன்ல வாங்குனா பாலியெஸ்டர்ல நைட்டி மாதிரி இருக்குது."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. இடுப்புக் கோடு மார்புக்குக் கீழே, அதிலிருந்து கணுக்கால் வரை நேராக விழும் துணி, குட்டைக் கை. தூரத்திலிருந்து பார்த்தால் அது நைட்டிதான். இந்தக் குறை அந்தக் காலத்திலேயே இருந்தது. 1783இல் ஓவியர் விஜே லெ ப்ரன், பிரெஞ்சு ராணி மரி அந்துவனெத்தை வெள்ளை மஸ்லின் (மெல்லிய பருத்தித் துணி) கவுனில் வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ராணி உள்ளாடையோடு வந்து நிற்கிறாள் என்று ஊரே பேச, படத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த 'உள்ளாடை'யிலிருந்து வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவியதுதான் இந்தப் பாணி.

ஆக, என் முன்னால் இருந்த கேள்வி எந்தப் பேட்டர்ன் (துணியின் மேல் வைத்து வெட்டும் தாள் மாதிரி) அழகு என்பதல்ல. எந்தப் பேட்டர்னை எடுத்தால் நைட்டி ஆகாது என்பதுதான். நாலு வழி இருந்தது: பெரிய கம்பெனிகள் உறையில் போட்டு விற்கும் பேட்டர்ன், பழைய உடைக்கென்றே பேட்டர்ன் போடும் சின்ன நிறுவனங்கள், அருங்காட்சியக உடைகளை அளந்து கட்டத்தாளில் வரைந்த புத்தகம், நாலாவதாக, நம் வீட்டு அளவு ரவிக்கை. நாலையும் ஏதோ ஒரு விதத்தில் முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் முதுகைப் பாருங்கள்

ரீஜன்சி என்பது கணக்குப்படி 1811 முதல் 1820 வரை. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு உடம்பு முடியாமல் போய், மகன் பிரதிநிதியாக ஆண்ட காலம். உடை தைப்பவர்கள் 1795 வாக்கிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள், இடுப்பு மேலே ஏறியது அப்போது என்பதால். அதற்குள்ளும் ஒரு வருஷத்தைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. 1800ஐ ஒட்டிய பாவாடை நேர்த் துண்டுகள். முன்பக்கம் தட்டையாக விழும், சுருக்கு எல்லாம் முதுகு நடுவில் ஒதுங்கியிருக்கும். 1812க்கு மேல் போகப் போக, நம் ஆறு பீஸ் உள்பாவாடை மாதிரி மேலே ஒடுங்கிக் கீழே விரியும் துண்டுகள் வருகின்றன, விளிம்பில் ஃப்ரில்லும் அலங்காரமும் ஏறுகின்றன. முதல் தடவை தைப்பவருக்கு 1800–1808 போதும். நான் அதைத்தான் எடுத்தேன். அதற்குச் சேலை சம்பந்தமான ஒரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

வருஷம் எதுவானாலும் இந்தக் கவுனின் உயிர் முதுகில் இருக்கிறது. நடு முதுகுத் துண்டு மேலே அகன்று, இடுப்புக் கோட்டுக்கு வரும்போது இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒடுங்கிவிடும். கைக்குழியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு தையல் வளைந்து இறங்கி நடுவை நோக்கி வரும். தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது, நன்றாகப் பின்னால் சரிந்து முதுகில் கிடக்கும். கையும் முதுகுக்குள் நுழைந்துதான் பொருந்தும். போட்டவுடன் தோள் தானாகப் பின்னுக்குப் போய், ஆள் நிமிர்ந்து நிற்பாள். நைட்டியில் இது எதுவும் கிடையாது, முன்னும் பின்னும் ஒரே வெட்டு.

அதனால் பேட்டர்ன் வாங்கும்போது உறையின் முன்னால் இருக்கும் அழகான பெண்ணைப் பார்க்காதீர்கள். திருப்பி, பின்பக்கக் கோட்டுப் படத்தைப் பாருங்கள். தோள் தையல் உச்சியில், முதுகு நடுவில் நீள ஜிப், இடுப்பில் இரண்டு டக்ஸ் என்று இருந்தால் வைத்துவிடலாம்.

பெரிய கம்பெனி உறை

மெல்லிய தாளில் பல சைஸில் வெட்டிய பேட்டர்னை வீட்டுப் பெண்களிடம் கொண்டுபோனவர் எபனேசர் பட்டரிக், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையல்காரர். வருஷம் 1863. மக்கால், வோக், சிம்ப்ளிசிட்டி எல்லாம் பின்னால் வந்தவை. இவற்றின் பலம் விளக்கப் படங்கள். எந்தத் துண்டை எதன்மேல் வைப்பது, எங்கே வெட்டுக் குறி, எங்கே இஸ்திரி என்று கையைப் பிடித்துச் சொல்லித் தரும். தையல் கிளாஸ் போகாதவர்கூடப் பின்தொடர முடியும். சிம்ப்ளிசிட்டி ஒரு காலத்தில் 4055 என்ற எண்ணில் போட்ட ரீஜன்சி கவுன், பழைய உடைப் பேட்டர்ன் வரையும் ஜென்னி சான்சியுடையது. நிறையப் பேருக்கு முதல் கவுன் அதுதான்.

ஆனால் இந்தக் கம்பெனிகளின் 'காஸ்ட்யூம்' பகுதியில் உள்ள பெரும்பாலானவை பள்ளி நாடகத்துக்கும் மாறுவேடத்துக்கும் போட்டவை. சட்டென்று தைக்க வேண்டும், யார் உடம்புக்கும் ஏற வேண்டும். அதனால் ஜிப், அதனால் தாராளமான தொளதொளப்பு. சில வருஷம் முன்னால் அப்படி ஒன்றை, பெரிய கம்பெனி ஒன்றின் பேட்டர்ன்தான், எனக்கே தைத்துப் பார்த்தேன். உறையில் மார்பளவு 36 என்று போட்ட சைஸை வெட்டினேன். தைத்து முடித்து டேப் வைத்தால் 40. கையைத் தூக்கினால் கவுன் முழுக்கக் கூடவே ஏறியது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நைட்டி நல்லாருக்குது, எங்க வாங்குன?" என்றார். அது இன்றும் எனக்கு நைட்டியாகத்தான் இருக்கிறது.

தப்பில் பாதி என்னுடையது. தைத்து முடித்த உடையின் அளவைப் பெரும்பாலும் பேட்டர்ன் தாளிலேயே, மார்புக் கோட்டருகே அச்சடித்திருப்பார்கள். உறையில் இருக்கும் உடம்பளவை விட்டு அந்த எண்ணைப் பார்த்து சைஸ் எடுத்திருக்க வேண்டும். இந்தக் கவுனின் முதுகுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் தளர்ச்சி தேவையில்லை. முன்பக்கம் சுருக்கு வருவதால் அங்கே கணக்கு வேறு. சரி, சைஸைக் குறைத்து, கைக்குழியை மேலே ஏற்றி, தோள் தையலைப் பின்னுக்குத் தள்ளி, ஜிப்பை எடுத்துவிட்டு நாடா வைத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் அவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்கு அந்தப் பேட்டர்ன் எதற்கு?

இரண்டு நாளில் பள்ளி நாடகம், மேடையிலிருந்து பார்வையாளர் பத்தடி தள்ளி என்றால் இதையே எடுங்கள். பாத் ஊர்வலத்தில் பக்கத்தில் நடப்பவள் முதுகுத் தையலைப் பார்ப்பாள்.

சின்ன நிறுவனங்கள்

சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி (மேலே சொன்ன ஜென்னி சான்சியுடையது), லாஃபிங் மூன், பிளாக் ஸ்னெய்ல், பாஸ்ட் பேட்டர்ன்ஸ். பழைய உடை தைப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர்கள் இவை. இவர்களுடைய பேட்டர்ன் எடுத்தவுடன் ஒரு வித்தியாசம் தெரியும்: உள்ளே ஸ்டேஸ் (மார்பைத் தூக்கி நிறுத்தும் அந்தக் காலத்து உள்ளாடை) போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். அளவை அதன் மேல் எடுக்கச் சொல்கிறார்கள். முதுகு சரியாக ஒடுங்கியிருக்கும், கை பின்னால் நுழைந்திருக்கும்.

எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டியின் ரீஜன்சி கவுன் புதியவருக்காக எளிமையாக்கப்பட்டது. லாஃபிங் மூனில் மார்புத் துண்டு தனியாக மடிந்து விழும் கவுனும் கிடைக்கும், அதற்கு அடியில் போடும் ஸ்டேஸ் பேட்டர்னும் கிடைக்கும். பாஸ்ட் பேட்டர்ன்ஸ் பழைய மூல உடையை ஒட்டியே போவார்கள். அவர்கள் விளக்கத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். படம் குறைவு, எழுத்து நிறைய. இரவு பத்து மணிக்கு மேல் படித்தால் எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

விலையில் பெரிய கம்பெனியைவிட ஒன்றும் மலிவில்லை. தாளாக வரவழைத்தால் தபால் செலவே ஒரு நல்ல காட்டன் சேலை விலைக்கு வந்துவிடும். அதனால் பிடிஎஃப். பணம் கட்டிய அடுத்த நிமிஷம் வந்துவிடுகிறது, ஆனால் அச்சடிப்பதில் ஒரு கண்டம் இருக்கிறது. ஏ4 தாளில் அடித்தால் முப்பது, நாற்பது தாளை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டிலும் நூலளவு நகர்ந்தால்கூடக் கடைசியில் கை கைக்குழியில் உட்காராது. அமெரிக்கத் தாள் அளவுக்குப் போட்ட கோப்பாக இருந்தால் இன்னும் தொல்லை, அது நம் ஏ4ஐவிட அகலம் கூடி உயரம் குறைந்தது.

நான் வீட்டு பிளான் அச்சடிக்கும் கடைக்குப் போனேன். 84 சென்டிமீட்டர் அகல ஏ0 தாளில் அடித்துக் கொடுப்பார்கள். மெஷினில் இருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இது எந்த வீட்டு பிளானுங்க? சுவரெல்லாம் வளைஞ்சு போகுது" என்றான். ரவிக்கை என்றேன். நம்பவில்லை. அடித்து வந்த தாளில் மூலையில் இருந்த சோதனைக் கட்டத்தை அங்கேயே ஸ்கேல் வைத்து அளந்தேன். 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 9.6 இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷின் தானாகச் சுருக்கியிருக்கிறது. நூற்றுக்கு நாலுதானே என்று விட்டிருந்தால் 36 அங்குல மார்பில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போயிருக்கும். 'அசல் அளவு' என்று மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். பிடிஎஃப் வாங்குபவர் கடையை விட்டு இறங்குமுன் அந்தக் கட்டத்தை அளந்துவிட வேண்டும்.

தையலுக்கு விடும் துணியையும் பாருங்கள். பெரிய கம்பெனிகள் அமெரிக்க வழக்கப்படி அரைக்கால் சேர்த்த அரை அங்குலம் விடுவார்கள், நம் கணக்கில் ஒன்றரை சென்டிமீட்டர். சின்ன நிறுவனங்கள் ஆளுக்கொரு அளவு, சில பேர் விடுவதே இல்லை. முதல் பக்கத்தில் எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் கத்தரியைத் தொடாதீர்கள்.

கட்டத்தாள் புத்தகம்

ஜேனட் ஆர்னல்ட் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் பாதுகாத்த உடைகளை உள்ளும் புறமும் அளந்து வரைந்த 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்' முதல் தொகுதி 1964இல் வந்தது. 1660இலிருந்து 1860 வரை பெண்கள் உடை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு துண்டும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும், ஒரு கட்டம் ஓர் அங்குலம். எங்கே நாடா, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், துணி பற்றாமல் எங்கே இரண்டு துண்டை இணைத்திருக்கிறார்கள் என்பதுவரை குறித்திருப்பார். தையல் தெரிந்தவருக்கு இதைப் புரட்டுவதே தனி சந்தோஷம். அந்தக் காலத்துத் தையல்காரியும் கைத் துண்டைத் துணியின் ஓரத்தில் இடுக்கி வெட்டி, பற்றாத மூலைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாள் என்று பார்த்தபோது எனக்கு ஒரு ஆறுதல்.

ஆனால் அது ஒரே ஒரு பெண்ணின் உடை. ஜேன் ஆஸ்டினுடையது என்று நம்பப்படும் பழுப்புப் பட்டு மேலங்கி ஒன்று ஹாம்ப்ஷயரில் பாதுகாக்கப்படுகிறது, 1812–14 காலத்தது. உடை வரலாற்றாளர் ஹிலரி டேவிட்சன் அதை அளந்து நகலும் தைத்தார். அணிந்தவரின் மார்பளவு 31லிருந்து 33க்குள் இருந்திருக்கும், ஆள் நல்ல உயரம் என்பது அவர் கணக்கு. இப்படி ஒல்லியான ஒருத்தியின் உடையை 38 அங்குலக்காரிக்குக் கொண்டுபோக ஜெராக்ஸில் பெரிதாக்கினால் என்ன ஆகும்? மார்பு சரியாகும், தோளும் கழுத்தும் கைக்குழியும் யானைக்குத் தைத்த மாதிரி ஆகும். உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருப்பதில்லை. தையலுக்கு விடும் துணியும் இந்தக் கட்டங்களில் இல்லை.

உடம்பு உருவப் பொம்மை இருக்கிறது, அதன்மேல் காடா துணியைப் போர்த்திக் குண்டூசியால் வடிவம் பிடிக்கத் தெரியும், ஒரு மாதம் கையில் இருக்கிறது என்றால் இதைப்போல ஒரு வழி கிடையாது. முதல் கவுனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கு இந்தப் புத்தகம் பூதக்கண்ணாடி மாதிரி பயன்பட்டது: வாங்கிய பேட்டர்னின் முதுகைப் பக்கத்தில் வைத்து, வளைவு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்று பார்த்தேன்.

அளவு ரவிக்கை

இதைச் சொன்னால் இங்கிலாந்துக்காரர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரவிக்கை மார்புக்குக் கீழே முடிகிறது, கவுனின் மேல்பாகமும் அங்கேயே முடிகிறது. இரண்டிலும் குட்டைக் கை, உடம்போடு ஒட்டிய முதுகு, உயரமான இறுக்கமான கைக்குழி. கைக்குழி இறுக்கமாக இருந்தால்தான் கை தூக்கும்போது சட்டை ஏறாது என்பது மேலைப் பேட்டர்ன் கம்பெனிகளுக்கு மறந்துபோனாலும் நம் தெருமுனை லேடீஸ் டெய்லருக்குத் தெரியும். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு அவர் தைத்துக் கொடுத்தாக வேண்டுமே.

அதனால் அக்கா மகளின் நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்து, துண்டு துண்டாக இஸ்திரி போட்டு, பிரவுன் தாளில் பதித்தேன். முதுகில் தோள் உச்சியிலிருந்து ஒன்றரை அங்குலத்தை வெட்டி, அதை முன்பக்கத் தோளோடு சேர்த்தேன். தோள் தையல் பின்னால் போய்விட்டது. பின் கைக்குழியின் நடுவிலிருந்து இடுப்பு வரை ஒரு வளைவு, இடுப்பில் நடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் வந்து நிற்கும்படி. முதுகு டக்ஸ் எடுக்கும் துணியை அந்த வளைவுக்குள்ளேயே கழித்துவிட்டேன். முன்பக்க டக்ஸ் வேண்டாம்; நடுவில் நாலு அங்குலம் கூட்டிச் சுருக்குக்கு விட்டேன். அரை நாள் வேலை. செலவு, ஒரு பிரவுன் தாள்.

காடா துணியில் வெட்டிப் போட்டுப் பார்த்தபோது முதுகு பொருந்திய விதத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் ஸ்டேஸைக் கட்டி அதன் மேல் போட்டாள். மேலே இரண்டு அங்குலம் மூடவில்லை, கீழே பட்டி தொளதொளவென்று தொங்கியது. ரவிக்கை பிரா போட்ட உடம்புக்கு அளவெடுத்தது. ஸ்டேஸ் மார்பை மேலே தூக்கி விலக்கி வைக்கிறது. உடம்பு அதேதான், வடிவம் வேறு. கைக்குழியும் தோளும் முதுகு அகலமும் மட்டும் ரவிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், முன்பக்கத்தை அதிலிருந்து எடுக்க முடியாது.

சிமிஸ், ஸ்டேஸ், பெட்டிகோட்

எந்தப் பேட்டர்ன் என்று மூளையைக் கசக்கும் பலர் உள்ளே போடுவதை மறந்துவிடுகிறார்கள். காசும் நேரமும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கவுனைச் சுமாராகத் தைத்து ஸ்டேஸை ஒழுங்காகத் தையுங்கள்.

அடியில் ஷெமீஸ். நம் வீட்டில் சின்னப் பெண்களுக்கு ஃபிராக்குக்கு உள்ளே போட்டுவிட்ட சிமிஸ் அதே சொல்தான். அதன் மேல் ஸ்டேஸ்: கெட்டிப் பருத்தியில், எலும்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் நூல் கயிறு வைத்துத் தைத்த வரிகள், முன் நடுவில் ஒரு மரப்பட்டை, முதுகில் கயிறு. இடுப்பை இறுக்கும் வேலை இதற்கு இல்லை. மார்பைத் தூக்கி, நிமிர்த்தி வைப்பதுதான். மார்பின் உச்சி தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே வந்துவிட்டால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போதுதான் இடுப்புக் கோடு வயிற்றின் மேல் சரியாமல் அந்த இடத்தில் நிற்கும். அதன் மேல் பெட்டிகோட், இல்லாவிட்டால் மெல்லிய துணியில் வெயில் பட்டவுடன் எல்லாம் தெரியும்.

ஒரே ஒரு நாளைக்குத்தான் என்றால், நல்ல கெட்டியான பிராவின் பட்டையை இழுத்துச் சுருக்கிப் போட்டு ஓட்டலாம். பாதி பலன் கிடைக்கும். அக்கா மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

துணி: கஜத்திலா, சேலையிலா?

ஜேன் ஆஸ்டினின் நார்தாங்கர் அபே நாவலில் ஹென்றி டில்னி என்கிற இளைஞன், தங்கைக்குத் தான் வாங்கிய கவுன் துணியைப் பற்றிப் பெருமையடிப்பான்: கஜம் ஐந்து ஷில்லிங்தான், அசல் இந்திய மஸ்லின். டாக்காவிலிருந்து போன மஸ்லினுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அந்தக் காலத்திலேயே லங்காஷயரிலும் ஸ்காட்லாந்திலும் மில் மஸ்லின் வர ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் அவன் 'அசல்' என்று அழுத்திச் சொல்கிறான்.

இன்று வெளிநாட்டில் இந்தக் கவுன் தைப்பவர்கள் பலர் நம் காட்டன் சேலையைத் தேடி வாங்குகிறார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. மல் காட்டன் சேலையின் அகலம் 45 அங்குலம் சுமார். ஐந்தடி மூன்று அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்கு மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை 43, 44 அங்குலம். சேலையை நிற்க வைக்காமல் படுக்க வைத்து, கரை கீழே வருமாறு இரண்டரை மீட்டர் எடுத்தால் பாவாடை முடிந்தது. விளிம்பு மடிக்கவே வேண்டாம், கரையே விளிம்பு. நேர்த் துண்டுப் பாவாடைக்குத்தான் இது நடக்கும். 1812க்கு அப்புறம் வரும் சாய்ந்த துண்டுகளில் கரை கோணலாகிவிடும். முன்னால் சொன்ன காரணம் இதுதான்.

இப்படி வெட்டினால் பாவு நூல் (சேலையின் நீளத்துக்கு ஓடும் நூல்) குறுக்கே போகும், துணி கொஞ்சம் விறைப்பாக நிற்கும். மல்லில் அது தெரியாது. கஞ்சி போட்ட செட்டிநாட்டுக் காட்டனில் செய்தால் பாவாடை கூடாரம் மாதிரி நிற்கும். உயரமான பெண்ணுக்குச் சேலை அகலம் பற்றாது, கஜத்துணிதான் வழி. எதுவானாலும் வெட்டுமுன் வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். மல் நன்றாகச் சுருங்கும்.

கடைசியில் எடுத்தது

சின்ன நிறுவனத்தின் நாடாக் கவுன் பேட்டர்ன். கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா, இழுத்தால் முன்பக்கம் தானாகச் சுருங்கி உடம்புக்கு ஏற்ப அமையும். எடை ஏறினாலும் இறங்கினாலும் போடலாம். முதுகும் கையும் பேட்டர்னில் இருந்தபடியே. கைக்குழி ஆழத்தை மட்டும் ரவிக்கைத் தாளோடு ஒப்பிட்டு அரை அங்குலம் ஏற்றினேன்.

இதற்குப் போட்டியாக இருந்தது மார்புத் துண்டு மடிந்து விழும் கவுன். பாவாடையின் முன்பக்கம் பக்கவாட்டில் திறந்து ஏப்ரன் மாதிரி இறங்கும்; உள்ளே இரண்டு லைனிங் துண்டு மார்பின் மேல் குறுக்கே வந்து குண்டூசியில் நிற்கும்; அதை மூடிக்கொண்டு மேல்துண்டு ஏறும். பார்க்க அதுதான் அழகு, தனியாகவே உடுத்திக்கொள்ளவும் முடியும். நாடாக் கவுனுக்கு முதுகில் முடிச்சுப் போட இன்னொரு ஆள் வேண்டும். இதில்தான் நாலு நாள் தடுமாறினேன். அப்புறம் அவளையே கேட்டேன்.

"கூட இருக்குற பொண்ணு முடிச்சுப் போட்டு விடுவாளா?"

"அவளும் வர்றா சித்தி. அவளுக்கு நான் போடோணும்."

அதோடு தீர்ந்தது. உள் தையலெல்லாம் மெஷினில் ஓட்டினேன். கழுத்து மடிப்பும் கை விளிம்பும் கையால். 1800இல் தையல் மெஷின் புழக்கத்திலேயே கிடையாது, கண்ணில் படும் இடத்தில் மெஷின் தையல் ஓடினால் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். முழுக்கக் கையால் தைக்க எனக்கு இரண்டு வாரச் சாயங்காலங்கள் கூடப் பிடித்திருக்கும். மதுரைச் சுங்குடியில் தைத்தால் என்ன என்றும் ஓர் ஆசை வந்தது, புள்ளி போட்ட மஸ்லின் அந்தக் காலத்தில் நிறைய ஓடியதுதான். ஆனால் அது வெள்ளையில் வெள்ளைப் புள்ளி. சுங்குடியை எனக்கு வைத்துக்கொண்டேன்.

மெல்லிய துணியில் பாக்கெட் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும் என்பதால் அந்தக் காலத்துப் பெண்கள் கையில் ரெட்டிக்யூல் என்று ஒரு சின்னப் பை வைத்துக்கொண்டார்கள், வாயில் நாடா கோத்து இழுத்து மூடுவது. போனையும் பஸ் டிக்கெட்டையும் எதில் வைப்பது என்று அவள் கேட்டபோது சேலையின் முந்தி மிச்சம் இருந்தது. அதற்குப் பேட்டர்ன் வாங்கவில்லை. பீரோவிலிருந்து அம்மாவின் சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலைத் தூளைத் தட்டிவிட்டு, மேஜையில் விரித்து அளந்துகொண்டேன்.